ஓய்வு கேட்கும் பூ

புடவைக் கடையில் 'லைலாக் கலர்' என்று கேட்டால், விற்பனையாளர் யோசிக்காமல் எடுத்துப் போடுவார். வெளிர் ஊதாவில் லேசாக ரோஸ் கலந்த நிறம். ஆனால், அந்த நிறத்துக்குப் பெயர் கொடுத்த பூவை நேரில் பார்த்தவர்கள் இங்கே குறைவு. லைலாக் வெயில் ஊரில் பூக்க மறுக்கும் செடி. நட்டால் வளரும். பச்சைப் பசேலென்று இலை விடும். ஆளுயரம் தாண்டியும் நிற்கும். பூ மட்டும் வராது.

உரம் போதவில்லையா? பூச்சி விழுந்துவிட்டதா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. அந்தச் செடிக்குத் தூக்கம் போதவில்லை.

இது அமெரிக்காவின் தெற்குப் பகுதிகளில், குறிப்பாக கலிஃபோர்னியாவின் தென்கோடியில், பல தலைமுறைகளாகப் பலரை ஏங்கவைத்த விஷயம். ஒரு பூவுக்காக இவ்வளவு ஏக்கமா என்று தோன்றலாம். அந்தப் பூ யாருடைய கையில் பயணம் செய்தது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது.

வாசல் இருந்த இடம்

லைலாக்கின் சொந்த ஊர் ஐரோப்பாவின் பால்கன் மலைப்பகுதி. 16-ம் நூற்றாண்டில், ஒட்டோமான் சுல்தானின் அவையில் தூதராக இருந்த புஸ்பெக் என்பவர் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து அதை வியன்னாவுக்குக் கொண்டுவந்தார் என்கிறது தோட்டக்கலை வரலாறு. அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவி, குடியேறிகளுடன் கடல் தாண்டி அமெரிக்கா போனது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன், 1767-லேயே தன் தோட்டக் குறிப்பேட்டில் லைலாக்கைக் குறித்து வைத்திருக்கிறார்.

கொண்டுபோவது சுலபம். தாய்ச்செடியின் அடியில் பக்கக் கன்றுகள் கிளம்பும். ஒன்றை வேரோடு பிரித்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டால் போதும். புது ஊரில் வீடு எழும்பும் முன்பே வாசலோரம் அதை நட்டுவிடுவார்கள். அம்மா வீட்டு வாசலில் இருந்தது, மகள் வீட்டு வாசலுக்கு வரும். அங்கிருந்து பேத்தி வீட்டுக்கு.

குளிர் ஊர்களில் லைலாக்குக்கு ஆயுள் மிக நீளம். நூறு வருடத்தைத் தாண்டி நிற்கும் புதர்கள் உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கில், ஆளில்லாத காட்டுக்குள் திடீரென ஒரு லைலாக் புதர் பூத்து நின்றால், பக்கத்தில் பழைய அஸ்திவாரக் கற்களைத் தேடலாம். வீடு போய்விட்டது, குடும்பம் போய்விட்டது, வாசல் எங்கே இருந்தது என்பதை மட்டும் அந்தச் செடி சொல்லிக்கொண்டிருக்கும்.

குளிரை எண்ணும் மொட்டு

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பனி கொட்டும் மாநிலங்களிலிருந்து ஏராளமானோர் வெயிலைத் தேடி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குடிபெயர்ந்தார்கள். அயோவா மாநிலத்துக்காரர்கள் மட்டும் எவ்வளவு பேர் என்றால், லாங் பீச் நகருக்கு 'கடலோர அயோவா' என்றே பட்டப்பெயர் விழுந்தது. ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி உணவருந்தும் 'அயோவா பிக்னிக்' அங்கே பெரிய திருவிழா. வந்தவர்களுக்கு ஆரஞ்சுத் தோப்பு கிடைத்தது, கடற்கரை கிடைத்தது. வசந்தம் வந்ததும் ஜன்னல் வழியே வீட்டுக்குள் நுழையும் லைலாக் வாசம் கிடைக்கவில்லை.

ஏன்? லைலாக், அடுத்த வருடப் பூவுக்கான மொட்டை முந்தைய கோடையிலேயே கட்டிவிடும். இலையுதிர் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கப் போகும். அந்தத் தூக்கத்தில் மொட்டு, குளிர்ந்த நேரத்தைக் கணக்கு வைக்கிறது. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இத்தனை மணி நேரம் கழிந்தது என்று கணக்கு நிரம்பினால்தான் விழித்துக்கொள்ளும். வழக்கமான லைலாக் ரகங்களுக்குப் பொதுவாக ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் தேவைப்படும். லாஸ் ஏஞ்சலஸின் இளங்குளிர் அதற்குப் பக்கத்தில்கூட வராது. கணக்கு நிரம்பாத மொட்டு அரைத் தூக்கத்திலேயே கிடக்கும். வசந்தத்தில் இலை அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும். பூ வராது.

இதற்கு ஒரு பாட்டி வைத்தியமும் பிறந்தது. ஊரில் குளிர் இல்லையென்றால் என்ன, ஐஸ் இருக்கிறதே! குளிர்காலம் முழுக்கச் செடியின் அடியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டுவது. பனி ஊரில் பிறந்த ஒரு பாட்டி, குளிருக்கே தேவையில்லாத மெல்லிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காலையில் ஐஸ் வாளியோடு தோட்டத்துக்கு வருவதைக் கற்பனை செய்து பாருங்கள். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். அவருக்கு அது அம்மா வீட்டு வாசல்.

பாவம், அந்த உழைப்பு வீண். குளிரை எண்ணுவது வேர் அல்ல, கிளை நுனியில் இருக்கும் மொட்டு. அடியில் ஐஸ் உருகும்போது, மேலே மொட்டு வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

'ஓய்வு' என்று பெயர் வைத்த தோட்டம்

இந்த முடிச்சு அவிழ்ந்த இடம், லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டிய மலையடிவாரத்தில் லா கன்யாடா என்ற ஊர். 'டெய்லி நியூஸ்' பத்திரிகையின் உரிமையாளர் மான்செஸ்டர் போடி 1937-ல் அங்கே பெரிய நிலம் வாங்கி, 'ராஞ்சோ டெல் டெஸ்கான்சோ' என்று பெயர் வைத்தார். ஸ்பானிஷ் மொழியில் 'டெஸ்கான்சோ' என்றால் ஓய்வு.

லைலாக்குக்கு முன்பே அந்தத் தோட்டத்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தவை கமேலியாக்கள். தேயிலையின் நெருங்கிய சொந்தமான பூச்செடி. அவற்றில் ஆயிரக்கணக்கானவை அங்கே வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லாமல் விட்டால், இது பாதிக் கதைதான்.

1942 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போட்ட ஓர் உத்தரவால், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அமெரிக்காவிலேயே பிறந்தவர்களும் தப்பவில்லை. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நர்சரியை எப்படித் தூக்குவது? உயெமாட்சு, யோஷிமுரா ஆகிய இரு குடும்பங்கள் பல வருடங்களாக வளர்த்த செடிகளைப் போடி வாங்கினார். வாங்கியவருக்கு அது வாய்ப்பு. விற்றவர்களுக்கு வேறு வழி இல்லை. மான்சனார் முகாமில் அடைக்கப்பட்ட உயெமாட்சு, தன்னிடம் மீதமிருந்த செர்ரி மரங்களை அந்தப் பாலைவன முகாமுக்கே கொடுத்தார். முள்வேலிக்குள் ஒரு பூங்கா உருவானது.

ஒருவர் ஊரை விட்டு வரும்போது செடியைக் கொண்டுவர முடிந்தது. இன்னொருவரிடமிருந்து செடியைப் பிரித்துவிட்டு ஆளை மட்டும் அனுப்பினார்கள். இரண்டு பேரின் பூக்களும் இன்று அதே மண்ணில்தான் பூக்கின்றன.

மாறச் சம்மதித்த செடி

போடியின் தோட்டத்தில் ஆராய்ச்சிப் பணிக்கு வந்தவர் வால்டர் லாம்மெர்ட்ஸ். 'குயீன் எலிசபெத்' ரோஜாவை உருவாக்கியவர் என்றால் ரோஜாப் பிரியர்களுக்குச் சட்டென்று புரியும்.

லைலாக்கை ஒட்டுச் சேர்ப்பது அதற்கு முன்பே வளர்ந்திருந்த கலை. பிரான்ஸின் நான்சி நகரில் விக்டர் லெமோயின் 1870-களில் அதைப் பெரிய அளவில் தொடங்கினார். அவருக்குக் கண்பார்வை மங்கி, கை நடுங்கத் தொடங்கியிருந்ததால், ஏணியில் ஏறிப் பூவுக்குப் பூ மகரந்தம் வைத்தவர் அவர் மனைவி மரி லூயிஸ். அந்தக் குடும்பம் தந்த ரகங்கள் பெரும்பாலும் குளிர் ஊருக்கானவை.

லாம்மெர்ட்ஸ் கேட்ட கேள்வி வேறு. செடிக்குக் குளிர் கொடுக்க முடியாது. அப்படியென்றால், குறைந்த குளிரிலேயே திருப்தி அடையும் செடி கிடைக்குமா? விதையிலிருந்து முளைத்த லைலாக் பூக்கப் பல வருடங்கள் ஆகும். கன்றுகளை வளர்த்து, காத்திருந்து, அந்த மிதமான குளிரிலும் பூப்பது எது என்று பார்க்க வேண்டும். அப்படிக் கிடைத்ததுதான் 'லாவெண்டர் லேடி'. 1950-களில் விற்பனைக்கு வந்தது. அதன் வழியில் வெள்ளைப் பூ பூக்கும் 'ஏஞ்சல் ஒயிட்' போன்றவை வந்தன. 'டெஸ்கான்சோ கலப்பினங்கள்' என்று இந்தக் கூட்டத்துக்குப் பெயர். 1953-ல் தோட்டத்தை லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகம் வாங்கியது. இன்று 'டெஸ்கான்சோ கார்டன்ஸ்' என்ற பொதுத் தோட்டமாக இருக்கும் அங்கே, மார்ச், ஏப்ரல் மாதங்களில் லைலாக் பூப்பதைப் பார்க்கவே மக்கள் வருகிறார்கள்.

இது அம்மா வீட்டு வாசலில் நின்ற அதே செடி அல்ல. வேறு பெயர், வேறு பிறப்பு, கொஞ்சம் வேறு குணம். ஆனால், ஜன்னலைத் திறந்தால் லைலாக் வாசம் வருகிறது.

தண்ணீரை நிறுத்துங்கள்

சரி, ரகம் கிடைத்துவிட்டது. இனி பூத்துவிடுமா? அங்கேதான் தோட்டக்காரருக்குப் பரீட்சை. வெயில் ஊரில் லைலாக் வளர்ப்பவர்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டவை இவை:

* நல்ல வெயில் வேண்டும்: ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணி நேரம். சுட்டெரிக்கும் ஊராக இருந்தால் பிற்பகலில் மட்டும் கொஞ்சம் நிழல்.

* தண்ணீர் தேங்கக் கூடாது: லேசான காரத்தன்மை உள்ள, நன்றாக வடியும் மண் பிடிக்கும்.

* பூ முடிந்ததும் வெட்ட வேண்டும்: தள்ளிப்போட்டு இலையுதிர் காலத்தில் கத்தரித்தால், அடுத்த வருட மொட்டையும் சேர்த்து வெட்டியதாகிவிடும்.

* தழைச்சத்து உரம் அளவோடு: கூடினால் இலைதான் கொழிக்கும்.

* செப்டம்பர் முடிவில் தண்ணீரை நிறுத்த வேண்டும்: முக்கியமானது இதுதான். இலை மஞ்சளாகும், உதிரும். பிப்ரவரி இறுதியில் மொட்டு பருக்கத் தொடங்கும்போது மீண்டும் தண்ணீர் விடலாம்.

கடைசி விஷயம்தான் பலருக்கு மனசு வராதது. வாடும் செடியைப் பார்த்தால் கை தானாகக் குழாயைத் திறக்கப் போகும். ஆனால், அப்போது ஊற்றும் தண்ணீர், தூங்கப் போகிற குழந்தையைத் தட்டி எழுப்பிச் சாப்பாடு ஊட்டுவது மாதிரி. குளிர் இல்லாத ஊரில் 'இனி தூங்கு' என்று செடிக்குச் சொல்ல மிச்சமிருக்கும் ஒரு மொழி, அந்த வறட்சிதான்.

பெயரை மட்டும் வாங்கியவை

அமெரிக்காவின் மற்ற தென்மாநிலங்களில், வெயிலோடு புழுக்கமும் சேர்ந்தால் கதை இன்னும் கடினம். அங்கே வேறு இனங்கள் கைகொடுக்கின்றன. 1947-ல் கொரிய மலை ஒன்றிலிருந்து அமெரிக்கத் தாவரவியலாளர் எல்வின் மீடர் சேகரித்த விதையிலிருந்து வந்த 'மிஸ் கிம்' கொஞ்சம் வெக்கையைத் தாங்கும். பிளந்த இலை கொண்ட 'கட்லீஃப்' லைலாக் இன்னும் நன்றாகத் தாங்கும்.

அதுவும் கூடாத இடங்களில், மக்கள் வேறு மரங்களுக்கு லைலாக் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். ஆசியாவிலிருந்து போன கிரேப் மிர்ட்டில், அங்கே 'தெற்கின் லைலாக்'. அமெரிக்கத் தெற்கெங்கும் பரவியிருக்கும் 'பெர்ஷியன் லைலாக்' என்ற மரம் எது தெரியுமா? வேம்பின் நெருங்கிய உறவான மலைவேம்பு! ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக, வாசமாகப் பூக்கும். லைலாக்குக்கும் அதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை. ஏங்கியவர்கள் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஊர் மாறிய எல்லோருமே ஏதோ ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறார்கள். சிலர் ஐஸ் வாளியோடு பழைய குளிரையே புது ஊருக்கு இழுத்துவரப் பார்க்கிறார்கள். சிலர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆறுதல் அடைகிறார்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது: கொஞ்சம் மாறிய செடியை ஏற்றுக்கொள்வது, அது தூங்க வேண்டிய நேரத்தில் தொந்தரவு செய்யாமல் இருப்பது.

இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கும் அந்த மாதங்களில், செடி செத்துவிட்டதோ என்ற பயம் வரத்தான் செய்யும். நகத்தால் லேசாகப் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால், வாளியைக் கீழே வைத்துவிடலாம்.