ரஞ்சன்குடி கோட்டையில் ஒரு 'ஜென்டில்மேன்'

சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குச் சுமார் 17 கி.மீ. முன்னால் இருக்கிறது ரஞ்சன்குடி. பலமுறை பஸ்ஸில் கடந்துபோன ஊர். இந்த முறை கோட்டையைப் பார்க்கவே தனியாகப் போனேன்.

17-ம் நூற்றாண்டில், கர்நாடக நவாபின் ஜாகிர்தார் ஒருவர் கட்டிய கோட்டை இது. சுற்றிலும் அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், செதுக்கிய கற்களை அடுக்கிய மூன்று நிலை மதில்கள். கீழ்ப்பகுதிக்குப் பேட்டை என்று பெயர், உச்சிக்குக் கோட்டை மேடு.

மதிய வெயில். ஆள் நடமாட்டமே இல்லை. மதில் நிழலில் நான்கைந்து பையன்கள். என்னைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு சட்டென நின்றது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால், தனியாக ஊர் சுற்றும் பெண்களுக்கு அந்த அமைதி நன்றாகவே தெரியும். திரும்பிவிடலாமா என்று நின்றேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார். "மேல போறியா பாப்பா? போய் நல்லா பாத்துட்டு வா. நம்ம ஆடு இங்கதான் மேயும்." சொல்லிவிட்டு, ஏறும் வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

கோட்டை மேட்டில் காற்று அள்ளியது. 1751-ல் இந்த வட்டாரத்தில்தான் வாலிகொண்டாபுரம் போர் நடந்தது. சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை, முகமது அலிக்கு ஆங்கிலேயர்கள். கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் வந்த ஆங்கிலப் படை மிரண்டு பின்வாங்கி, திருச்சி வரை போய்ச் சேர்ந்தது. அந்தப் படையோடு ராபர்ட் கிளைவும் இருந்தார்!

இறங்கி வந்தால், ஆடுகள் எங்கோ தள்ளிப் போயிருந்தன. பெரியவர் மட்டும் அதே கல்லில்.

அந்த நேரம் அம்மா போன். "பக்கத்துல யாரு இருக்கா?" என்றார்.

"ஒரு தாத்தா இருக்காரும்மா. ரொம்ப ஜென்டில்மேன்."

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "அர்ஜுன் படந்தானே? அதுல அவரு கொள்ளையில்ல அடிப்பாரு!"

ஷங்கரின் முதல் படம், 1993. அவர் சொன்னது சரிதான். இங்கிலாந்தில் அந்த வார்த்தைக்கு முதலில் 'நல்ல குலத்தில் பிறந்தவன்' என்றுதான் பொருள். நல்ல நடத்தைக்கான பாராட்டாக மாறியதெல்லாம் பிறகு. அதையா இவரிடம் விளக்குவது?

"அடுத்தவங்களுக்கு மரியாதை குடுக்கத் தெரிஞ்சவர்னு அர்த்தம் தாத்தா."

"அப்படியா? நான் திட்டுறியோன்னு நெனச்சேன்" என்று சிரித்தவர், "பஸ்ஸுக்கு நேரமாகுது, கெளம்பு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆடுகளைத் தேடிப் போனார்.