ஓடிய ஜால்ரா

மார்கழி விடியலில் மதகடிப்பட்டில் பஜனைக்குப் போகிற பையன்களுக்கு நினைப்பெல்லாம் பொங்கல் மேல்தான். தொன்னையில் ஆவி பறக்க வைப்பார்கள். அந்த நினைப்பு வந்ததுமே என் ஜால்ரா தானாக வேகம் பிடித்துவிடும்.

முன்பாட்டு பெரியப்பா. அவர் நிதானமாக எடுத்துக் கொடுக்கிற அடியை, இரண்டு வீடு தாண்டுவதற்குள் நாங்கள் ஓட்டமாக்கிவிடுவோம். அவர் திரும்பக்கூட மாட்டார். கையைப் பின்னால் நீட்டி, என் ஜால்ரா விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஓசையை அடக்குவார். "மெரண்ட மாடு மாதிரி எங்கடா ஓடற? காலத்தப் புடி." செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தை கூடுகிற ஊர், மிரண்ட மாடு எப்படி ஓடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அன்றைக்கு விழுப்புரம் சாலைப் பக்கமிருந்து மாடுகள் வந்து வழியை அடைத்துக்கொண்டால், பாட்டும் அவற்றோடு சேர்ந்து அசைந்து அசைந்துதான் நகரும். எனக்கு அழுகையே வரும்.

ஒருமுறை பக்கத்து வீட்டு அக்கா வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்கு அழைத்துப் போனார். உள்ளே பாடகர் குழு அவ்வளவு மெதுவாகப் பாடியது. பசி போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் காதில் பட்டது: அவர்கள் நிறுத்திய பிறகும் கூரை பாடிக்கொண்டிருந்தது. அது ஓய்ந்த பிறகே அடுத்த வரி. திறந்த தெருவில் பாடுகிற எங்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

வெகுகாலம் கழித்து, ரொமான்டிக் காலத்துச் சேர்ந்திசை மேல் ஆசை வந்து பிராம்ஸின் 'ஜெர்மன் ரெக்வியம்' இரண்டு பதிவுகள் கேட்டேன். ஒன்று சுமார் ஒரு மணி நேரம்; மற்றது ஒன்றரை மணியை நெருங்கியது. பாட்டு ஒன்றேதான்! 1868இல் அரங்கேறிய அந்தப் படைப்புக்கு முதலில் வேகத்தைச் சொல்லும் மெட்ரோனோம் எண்கள் குறித்த பிராம்ஸ், பிறகு அவற்றை எடுத்துவிட்டாராம். இரண்டாம் பகுதி சவ ஊர்வலம்போல் நகர்கிறது, ஆனால் மும்மூன்று எண்ணிக்கையில். இரண்டு காலுக்கு மூன்று எண்ணிக்கை எப்படி ஒத்துப்போகும்? வேகமான பதிவில் அது தெரியாமல் வழுக்கிப் போகிறது. மெதுவானதில் ஒவ்வொரு அடியும் கனக்கிறது. எனக்கு மெதுவானதுதான் பிடித்தது. பெரியப்பா கேட்டால் நம்ப மாட்டார்.

அவருக்குக் காய்ச்சல் கண்ட ஒருநாள் பஜனை எங்கள் கைக்கு வந்தது. அத்தனை தெருவையும் பாதி நேரத்தில் முடித்துவிட்டு, மூச்சு வாங்கக் கோயில் வாசலில் வந்து நின்றோம். மடைப்பள்ளியில் அப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். ஜால்ரா கையில் சில்லென்று இருந்தது.