செருப்புப் போட்டுக்கொண்டு திற!

"செருப்புப் போட்டுக்கொண்டு திற."

ஏறத்தாழ இரண்டு வருடங்களாக என் மனைவிக்கு நான் சொல்லி வந்த புத்திமதி இதுதான். "இஞ்சாருங்க, பிரிட்ஜ் கதவைத் தொட்டாச் சுள்ளெண்டு அடிக்குது" என்று அவள் சொல்லும்போதெல்லாம், கிதாபிலிருந்து தலையை நிமிர்த்தாமலே இந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். அவளும் பொறுமைசாலி. பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே ஒரு சோடி றப்பர் செருப்பை வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் பெண்களிடமும், "அந்தச் செருப்பைப் போட்டுட்டுத் திறங்க" என்று சொல்லப் பழகிவிட்டாள். நாளடைவில் அது எங்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அன்புச் சகோதரிகளே! இதை வாசிக்கும்போது உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். வேறு சிலருக்குத் தங்கள் வீட்டுச் சமையலறை ஞாபகத்துக்கு வரலாம். அந்த இரண்டாவது சாராருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கீரியில் நாங்கள் இருக்கும் வீடு என் வாப்பா கட்டியது. எழுபதுகளின் கடைசியில் அதற்குக் கரண்ட் எடுத்தார்கள். சுவரில் அடித்த பலகைப் பட்டியின் மேல், தகரக் கிளிப்புகளுக்குள், சிவப்பும் கறுப்புமாக வயர்கள் ஓடும். வட்டமான கபில நிறச் சுவிட்சுகள். வாசலுக்கு மேலே இரண்டு பீங்கான் பியூஸ் கட்டைகள். அன்று அந்த வயர்கள் சுமந்ததெல்லாம் நாலைந்து மின்குமிழ்கள், ஒரு மின்விசிறி, வாப்பாவின் ரேடியோ ஆகியவற்றை மட்டுமே.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில், குப்பி விளக்கின் வெளிச்சத்தில்தான் ஓதினேன். வாப்பா அங்கேயே வபாத்தானார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் திரும்பி வந்து பார்த்தபோது, அயலில் எத்தனையோ வீடுகள் அத்திவாரம் மட்டுமாக நின்றன. எங்கள் வீட்டில் இடையில் யார் யாரோ குடியிருந்ததால் சுவரும் கூரையும் தப்பியிருந்தன. வாப்பா போட்ட அந்த வட்டச் சுவிட்சுகளும் அப்படியே இருந்தன. முதல் நாள் ஒரு சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதேன். மறுபடி கரண்ட் எடுத்தபோது, புது வயரிங் செய்வதென்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. வெளியே தெரிந்த சில இடங்களைக் கறுப்பு டேப்பால் சுற்றியதோடு சரி. வாப்பாவின் கைபட்ட பொருள் என்ற பாசம் ஒரு காரணம். செலவு என்பது இன்னொரு காரணம். உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் பெரிய காரணம்.

அதன் பிறகு வீடு நிறைந்தது. பிரிட்ஜ் வந்தது, கிணற்று மோட்டார் வந்தது, ரைஸ் குக்கர், ஸ்திரிக்கைப்பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் எல்லாம் வந்தன. வயர் மட்டும் வாப்பா காலத்து வயராகவே இருந்தது. அடிக்கடி பியூஸ் எரிந்தது. ஒற்றைக் கம்பி போட்டால் எரிகிறதே என்று மூன்று கம்பிகளை முறுக்கிப் போட்டேன். அதன் பிறகு எரியவில்லை. பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ரமழானில் ஒரு நாள். நோன்பு திறக்க இன்னும் சில நிமிடங்கள்தான் இருந்தன. பதின்மூன்று வயதான என் மகள் வுழூச் செய்துவிட்டு, ஈரக் கையோடும் ஈரக் காலோடும் சர்பத் எடுக்க ஓடினாள். செருப்பின் ஞாபகம் அந்த அவசரத்தில் யாருக்கு வரும்? ஒரு முனகல்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தால், பிரிட்ஜின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி பிள்ளை நடுங்குகிறாள். கையை எடுக்க முடியவில்லை. நான் பாய்ந்து அவளைப் பிடிக்கப் போனேன். "தொடாதீங்க!" என்று என் மனைவி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் மகளிடம் ஓடவில்லை. நேரே வாசலுக்கு ஓடி மெயின் சுவிட்சை இழுத்தாள். பிள்ளை கீழே விழுந்தாள்.

அல்ஹம்துலில்லாஹ், மகள் பிழைத்தாள். உள்ளங்கையில் ஒரு தழும்பு. ஆஸ்பத்திரியில் ஓரிரவு வைத்து இதயத்துடிப்பைப் பார்த்தார்கள். மனைவி சொன்னதை இரண்டு வருடங்களாகக் கேட்காத நான், அன்று அவள் சொன்னதைக் கேட்டிராவிட்டால் இரண்டு ஜனாஸாக்கள் போயிருக்கும்.

மறுநாள், மின்சார வேலையில் சான்றிதழ் பெற்ற, பக்கத்து ஊர்க் கத்தோலிக்கத் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். பிரிட்ஜ் மாட்டியிருந்த பிளக் பொயின்டைக் கழற்றிக் காட்டினார். முன்பக்கத்தில் மூன்று துளைகள் இருந்தன. மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. பிரிட்ஜின் உடம்புக்குக் கரண்ட் கசிந்தால் அதை நிலத்துக்குக் கொண்டுபோய் விடவேண்டிய ஏர்த் கம்பி அதுதான். அது இல்லாத வீட்டில் நிலத்துக்குப் போகும் வழி தொடுகிறவரின் உடம்புதான். காலும் தரையும் காய்ந்திருந்த நாட்களில் 'சுள்' என்று மட்டும் அடித்தது. ஈரத்தில் பிடித்துக்கொண்டது.

பிறகு முகட்டுக்கு ஏறினார். வயரின் மேலுறை காய்ந்த ஓலை போல் நொறுங்கியது. வெப்பமும் வயதும் சேர்ந்தால் அந்த உறை இறுகி வெடித்துவிடுமாம். எங்கள் கடற்கரை உப்புக்காற்றில் செப்பு இணைப்புகள் பச்சை பூத்திருந்தன. இரண்டு இடங்களில் எலி கொறித்துக் கம்பி வெளியே தெரிந்தது. கடைசியாகப் பியூஸைக் கழற்றி என் மூன்று கம்பி முறுக்கைப் பார்த்தார். "மௌலவி, பியூஸ் எரிஞ்சது உங்கட நன்மைக்குத்தான். நீங்க அதின்ட வாயை அடைச்சுப்போட்டீங்க" என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

அவர் சொல்லித் தந்த கணக்கை எல்லாச் சகோதரிகளும் தெரிந்துகொள்ள வேண்டும். நமது வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். 2000 வாட் கேத்தல் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 1000 வாட் ஸ்திரிக்கைப்பெட்டி 4.3 ஆம்பியர். 700 வாட் ரைஸ் குக்கர் 3 ஆம்பியர். மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் மாட்டினால் 16 ஆம்பியர். விளக்குக்கென்று போட்ட மெல்லிய வயர் இதைத் தாங்காது. ஓடும் கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகிறது.

இன்னொன்றும் சொன்னார். பியூஸ் வயரைத்தான் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது. ஆளைக் கொல்ல 5 ஆம்பியர் தேவையில்லை. அதில் நூற்றில் ஒரு பங்கே இதயத்தைத் தடுமாறச் செய்யப் போதும். ஒரு 60 வாட் குமிழ் இழுக்கும் கரண்ட் அதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் தேவைப்படுகிறது. கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால், ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் போவதற்குள் அது தானாக விழுந்துவிடும்.

அன்றிரவு தராவீஹ் முடிந்து வந்து உட்கார்ந்தபோது, நானே மாணவர்களுக்குப் பாடமாக நடத்தும் ஹதீஸ்கள் எனக்கு முன்னால் வந்து நின்றன. உறங்கும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் வீட்டாரோடு எரிந்தபோது, நெருப்பு உங்களுக்கு எதிரி என்று எச்சரித்தார்கள். இவை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகின்றன. எலியொன்று விளக்குத் திரியை இழுத்து வந்து போட்டு, நபியவர்கள் அமர்ந்திருந்த விரிப்பில் ஒரு திர்ஹம் அளவு எரிந்துபோன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அந்த எலியைப் பற்றி எத்தனை தடவை ஓதிக்கொடுத்திருப்பேன்! என் வீட்டு முகட்டில் அதே எலி கொறித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. செருப்பை நம்பி இருந்ததைத் தவக்குல் என்று அல்லாஹ்விடம் நான் சொல்ல முடியுமா?

பெரிய நகரங்களிலும் இப்படித்தான். 2017 ரமழானில், ஜூன் 14ஆம் திகதி நள்ளிரவு கடந்து, லண்டன் கிரென்ஃபெல் மாடிக் கட்டடத்தில் நான்காம் மாடி வீடொன்றின் பிரிட்ஜில் ஏற்பட்ட மின்கோளாறில்தான் தீ பிறந்தது. கட்டடத்தின் வெளிச்சுவரில் பொருத்திய தகடுகள் அதை மேலே மேலே பரப்பின. 72 உயிர்கள் போயின. நோன்புக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் பலர் கதவு கதவாகத் தட்டி அயலவரை எழுப்பினார்கள். நம் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலைகள் திறக்கப்பட்டன. முப்பது காற்றாடிகளில் கரண்ட் புதிதாகப் பிறக்கிறது. அது வந்து சேரும் வீட்டு வயரோ நாற்பது ஐம்பது வருடப் பழசாக இருக்கிறது.

முன்வீட்டுக்கு டைல்ஸ் பதிக்க நாங்கள் காசு சேர்த்து வைத்திருந்தோம். "டைல்ஸ் பிறகு பார்ப்பம்" என்று மனைவி அந்தக் காசைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பெருநாளைக்கு முன்பே வேலை முடிந்தது. பழைய வயர் முழுவதையும் கழற்றி, விளக்குகளுக்கு 1/1.13 வயரும் பிளக் பொயின்டுகளுக்கு 7/0.67 வயரும் போட்டோம். எல்லாவற்றுக்கும் ஏர்த் கம்பி சேர்த்தோம். எங்கள் மண் வெறும் மணல். காய்ந்த மணலில் கரண்ட் இலகுவாக இறங்காது. ஆகவே ஏர்த் கம்பியைக் கிணற்றடியில் ஈரம் உள்ள ஆழம் வரை இறக்கினார் அந்தத் தம்பி. பிளக் பொயின்டுகள் இப்போது தேசிய தரமாக உள்ள 13 ஆம்பியர் சதுர முள் வகை. வாப்பாவின் சுவிட்சுகளில் ஒன்றைக் கிதாப் அலுமாரியில் வைத்திருக்கிறேன். பாசத்துக்கு அது போதும்.

முழு வீட்டையும் ஒரேயடியாக மாற்ற எல்லோருக்கும் வசதி இருக்காது. அப்படியானவர்கள் ஏர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் முதலில் போடுங்கள். அடுத்து சமையலறை, குளியலறை, மோட்டார். அதற்குப் பிறகு படுக்கையறைகள். பழைய வீட்டில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றிவிடச் சொல்லாதீர்கள். எங்கோ கசிகிறது என்று உண்மை சொல்லும் சாட்சி அது. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். சுவிட்ச் சுடுவது, பிளக்கடியில் கருகல் மணம், மோட்டார் போட்டதும் விளக்கு மங்குவது, குழாயில் 'சுள்' என்பது, இவை ஒவ்வொன்றும் ஓர் எச்சரிக்கை. யாரையாவது கரண்ட் பிடித்தால் தொடாதீர்கள். மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையால் தள்ளிவிடுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளெல்லாம் அந்தச் சுவிட்சையும் பிரிட்ஜையும் தொடுகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள். கோளாறு முதலில் அவர்களுடைய விரலுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வதை முறைப்பாடு என்று தள்ளாமல் சாட்சியம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சகோதரிகளே, உங்களிடம் யாராவது "செருப்புப் போட்டுக்கொண்டு திற" என்று சொன்னால், இந்தப் பக்கத்தை அவர் முன்னால் விரித்து வையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் அவற்றில் உறங்கும் மக்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.