குலுக்குவதற்கு முன்

“அவனுக்குத் தங்கம் ஊருக்குப் பின்னாடி, எனக்கு மட்டும் எதிரி வர்ற வழியில. இது என்ன நியாயம் சித்தப்பா?” நெல்லிக்குப்பத்தில் அண்ணன் மகன் கேட்டது இது. அவன் ஆடிக்கொண்டிருந்தது ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கணினி புதிதாக ஒரு வரைபடம் போட்டுக்கொடுக்கும். அந்த நியாயம் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

வரைபட விதிகள் சாதாரண எழுத்துக் கோப்புகள்தாம், யாரும் திறந்து படிக்கலாம். ‘அரேபியா’ என்ற வரைபடத்தில் எல்லாருக்கும் ஒரே பங்கு: ஏழு கட்டத் தங்கம் ஒன்று, நான்கு கட்டத் தங்கம் இரண்டு, காட்டுப்பன்றி இரண்டு. ஊர் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கும் வரம்பு உண்டு. திசைக்குத்தான் இல்லை. பையனின் குறை அங்கே பிறந்தது. ‘சிவிலைசேஷன் 4’ என்ற விளையாட்டு வேறு மாதிரி. உலகத்தை முதலில் படைத்துவிட்டு, வறண்ட இடத்தில் விழுந்தவனுக்குப் பிறகு ஆறும் விளைச்சலும் சேர்த்துக் கொடுக்கும்.

நிலத்தைப் பங்கு போட்ட எவரும் இந்தச் சிக்கலைத் தாண்டித்தானே வந்திருக்க வேண்டும்? அப்படித் தேடியதில் கிடைத்தது கரையீடு. மிராசு என்ற பரம்பரை நில உரிமையைப் பற்றிக் கம்பெனி அதிகாரி எல்லிஸ் எழுதி 1818இல் வெளியான ஆய்வு இத்தகைய ஏற்பாடுகளைத்தான் பேசுகிறது. சில ஊர்களில் மிராசுதாரர்கள் தங்கள் பங்குகளைக் கரைகளாகத் தொகுத்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு நிலத்தை மாற்றிக்கொண்டார்கள். இந்த முறை தலைமடை வாய்த்தவருக்கு அடுத்த முறை கடைமடை விழலாம். மறுபடி குலுக்குவது என்ற இந்த ஒன்று எந்த விளையாட்டிலும் எனக்குத் தட்டுப்படவில்லை. இதைவிட நேர்மையான திருத்தம் இருப்பதாகவும் தோன்றவில்லை.

இன்னும் பின்னால் போனால் உத்திரமேரூர். அங்கே குலுக்கல் நிலத்துக்கு அல்ல, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்வதற்கு. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடத்திலிருந்து ஓலை எடுப்பது விவரமறியாத ஒரு சிறுவன். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஓலையை ஒளித்து மாற்ற வழியே இல்லை. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

ஆனால் பெயர் குடத்துக்குள் போவதற்கே இறை கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். கரையீட்டிலும் சேற்றில் இறங்கி உழுத பண்ணையாளுக்குச் சீட்டு கிடையாது. குலுக்கல் சுத்தமாக நடந்தது, குலுக்குவதற்கு முன்பே பலர் வெளியே நின்றார்கள். என் தேடலில் என்னை விடாமல் உறுத்துவது இதுதான்.

எங்கள் பக்கத்து நெய்வேலியையும் இந்தக் கண்ணோடுதான் இப்போது பார்க்கிறேன். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்தது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது. விளையாட்டில் ஊர் மையத்துக்கு அருகே கனிமம் இருந்தால் யோகம். இங்கே யார் வயலுக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடந்ததோ, அவர் வயலை விட்டுப் போக வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர் விடும் நேரத்து நெற்பயிருக்குள் கால்வாய் வெட்ட அந்த நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கின. எந்த ஆண்டில் நிலம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து இழப்பீடு மாறியதுதான் அங்கே விவசாயிகளின் பெரிய மனக்குறை.