வரப்போரத்து நாயுருவியும் ஒரு நூலும்

ஜீயபுரம் பக்கம் குத்தகை நிலத்தில் வாழை போட்டிருக்கும் விவசாயி அவர். ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டி வந்து உடைந்தது. ஆறிவிட்டது என்று நினைத்தார். மறுபடி வீங்கியது, மறுபடி உடைந்தது. வேட்டியில் சீழ்க்கறை. மனைவியிடம்கூடச் சொல்லாமல், மூலத்துக்கான களிம்பைத் தடவிக்கொண்டே ஒன்றரை வருடம் ஓட்டினார்.

பைக்கில் உட்கார முடியாமல் போன பிறகுதான் மகன் திருச்சிக்கு அழைத்துப் போனான். “இது மூலம் இல்லீங்க, பௌத்திரம். உள்ளே சீழ் பிடிச்சு, வெளித்தோல் வரைக்கும் துளை போட்டிருக்கு. மாத்திரையில மூடாது” என்றார் அறுவை சிகிச்சை மருத்துவர். மலத்தை அடக்கும் தசையையும் துளை கடந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. தசையை அதிகம் வெட்டினால் மலத்தை அடக்க முடியாமல் போகலாம். துளையை மிச்சம் வைத்தால் நோய் திரும்பும். அவர் பயந்ததும் அதற்குத்தான்.

“நூல் வைத்தியம்னு ஒண்ணு இருக்கு தம்பி. அதையும் கேட்டுட்டு முடிவு பண்ணு” என்றார் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அக்கா. அங்கே பட்டம் பெற்ற ஆயுர்வேத மருத்துவர் ஒருவர் அந்த நூலைக் காட்டினார். ஆயுர்வேதத்தில் க்ஷார சூத்திரம். சித்த மருத்துவத்தில் காரநூல். இலைக்கள்ளிப் பால், நாயுருவிச் சாம்பலில் எடுத்த உப்பு, மஞ்சள்தூள் மூன்றையும் 21 முறை பூசிக் காயவைத்த நூல். காலமெல்லாம் களையென்று பிடுங்கிப் போட்ட நாயுருவியா என்று அவருக்கு ஆச்சரியம். அந்த நூலைத் துளை வழியே விட்டுக் கட்டி, வாரம் ஒருமுறை மாற்றுவார்கள். நூல் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வரும். அறுபட்ட இடம் பின்னாலேயே ஆறிக்கொண்டு வரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 1991-ல் வெளிவந்தது. ஓராண்டில் நோய் திரும்பியது நூல் போட்டவர்களில் 4 சதவிகிதம் பேருக்கு. அறுவை சிகிச்சை செய்தவர்களில் 11 சதவிகிதம் பேருக்கு. ஆனால், அறுவைப் புண் 4 வாரத்தில் ஆறியது; நூலுக்கு 8 வாரம் ஆனது. அதற்குப் பிறகு தசையை வெட்டாத புது அறுவை முறைகளும் வந்திருக்கின்றன. ஆக, துளை எங்கே போகிறது, எத்தனை நாள் ஆகும், தசைக்கு என்ன ஆகும் என்பதை இரண்டு பக்கமும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தார் வெட்டு நெருங்கிய நேரம். படுத்துக் கிடக்க வழியில்லாததால் அவர் நூலைத் தேர்ந்தெடுத்தார். நூல் மாற்றும் நாளெல்லாம் வலிதான். வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து எழுந்தால்தான் நிம்மதி. தார் சுமக்கக் கூடாது என்றதால் கூலிக்கு ஆள் வைத்தார். பத்து வாரத்தில் துளை மூடியது. “கட்டி உடைஞ்சப்பவே வந்திருந்தா இவ்வளவு இழுத்திருக்காதுங்க ஐயா” என்றார் மருத்துவர்.

கள்ளிப் பாலை வீட்டில் எடுத்துத் தடவுவது ஆபத்து; தோல் வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. போலி வைத்தியரிடமும் போகக் கூடாது. சர்க்கரை, காசநோய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். காய்ச்சலோடு வீக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்ச் சீழை எடுக்க வேண்டும்.

இப்போது டீக்கடை பெஞ்சில் யாராவது ஒருக்களித்து உட்கார்ந்தால், அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்கிறார்: “என்னண்ணே, எத்தனை நாளா?”