என்ன மரம் என்று கேளுங்கள்!

புடவைக் கடையில் நாம் சும்மா விடுகிறோமா? பட்டா, பாலியெஸ்டரா, சாயம் போகுமா, எந்த ஊர்த் தறி என்று கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறோம். அதே நாம், குழந்தைக்குத் தொட்டிலோ நடைவண்டியோ, சமையலறைக்குக் காய் நறுக்கும் பலகையோ வாங்கும்போது, "என்ன விலை?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். "என்ன மரம்?" என்று கேட்பவர்கள் அபூர்வம். குழந்தை கடித்துச் சப்புவது அந்த மரத்தைத்தானே!

நான் ஓசூரில் இருப்பவள். வீட்டு வேலை முடிந்த நேரத்தில், கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரைக் கொண்டு, தெரிந்தவர்களுக்குக் கரண்டி, சப்பாத்திக் கட்டை, கிலுகிலுப்பை, நடைவண்டி என்று சின்னச் சின்ன சாமான்கள் செய்து தருகிறேன். பலகை வாங்கித் தருவது என் பொறுப்பு. செய்வது அவர் பொறுப்பு. இதில் வாங்குவதுதான் பெரும்பாடு என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

எங்கள் ஊரில் பலகைக்குப் பஞ்சமே கிடையாது. சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வரும் பெட்டிகளும், அடியில் வைக்கும் சட்டங்களும் உடைத்துப் பழைய மரமாக விற்பனைக்கு வருகின்றன. பெரும்பாலும் பைன் மரம். வெளுப்பாக, வழவழவென்று பார்க்க லட்சணமாக இருக்கும். இன்னொரு பக்கம், ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அப்புறம் பெங்களூர். அங்கே ஆப்பிரிக்கா, அமெரிக்கா, மலேசியா என்று உலகத்து மரமெல்லாம் கிடைக்கிறது. ஆனால் கேட்ட மரம்தான் வந்திருக்கிறது என்று அடித்துச் சொல்லும் கடை கிடைப்பதுதான் அரிது.

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம். அவள் கணவர் கம்பெனியில் கழித்துப் போட்ட பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, பலகை சும்மாவே கிடைச்சுடுச்சு. ஆசாரிக்குக் கூலி மட்டும் குடுத்தாப் போதும், தொட்டில் ஆயிடும்" என்று ஆசையாகக் காட்டினாள்.

பலகையைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் சூடு போட்ட மாதிரி ஒரு முத்திரை. கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் நாட்டின் குறியும் எண்ணும், கடைசியில் 'எம்.பி.' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள்.

இந்த முத்திரையை நாம் எல்லோருமே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாட்டு மரத்தில் இருக்கும் பூச்சி இன்னொரு நாட்டுக் காட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று 2002-ல் சர்வதேச அளவில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். அதன்படி பெட்டி மரத்தைப் பதம் செய்து முத்திரை போட வேண்டும். 'எச்.டி.' என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிடம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷ வாயுவால் புகை போட்டது.

அந்த வாயு நாளாவட்டத்தில் பறந்துபோய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பலகை எந்தத் துறைமுகத்தில் கிடந்தது, எந்த எண்ணெய் அதன்மேல் சிந்தியது, எந்த ரசாயனப் பீப்பாயைச் சுமந்தது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? முத்திரை போட்டவர்கள் பூச்சியை நினைத்துத்தான் போட்டார்கள். பல் முளைக்கும் குழந்தை தொட்டில் விளிம்பைக் கடிக்கும் என்று அவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை.

நான் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "அவர் எவ்வளவு ஆசையா கொண்டாந்தார் தெரியுமாக்கா?" என்றாள். சாயங்காலம் அவர் கணவரே வந்துவிட்டார். "எல்லாரும் இந்தப் பலகையிலதானுங்க கட்டில், அலமாரி எல்லாம் போடறாங்க. அவங்களுக்கெல்லாம் என்ன ஆயிடுச்சு?" என்று கேட்டார். கோபம் இல்லை; கடையில் தொட்டில் விற்கும் விலையை நினைத்து வந்த கவலை.

"செருப்பு ஸ்டாண்டு செய்யுங்க, மொட்டை மாடிக்குப் பூந்தொட்டிப் பலகை செய்யுங்க. குழந்தை வாய் வைக்கிற இடத்துக்கு மட்டும் வேணாம் தம்பி" என்றேன். பிறகு விசாரித்ததில், காவேரிப்பட்டணம் பக்கம் அந்தப் பெண்ணின் அப்பா வீட்டில், இரண்டு வருஷம் முன்னால் சாய்ந்த வேப்பமரத்தைப் பலகையாக அறுத்து மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கியிருப்பது தெரிந்தது. நிழலில், காற்றோட்டமாக, இரண்டு வருஷம் உலர்ந்த பலகை! பூச்சியும் எளிதில் அண்டாது. பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து தொட்டில் செய்தார்கள். மூன்று மாதம் வரை சேலைத் தூளி, அதற்கப்புறம் வேப்பமரத் தொட்டில்.

எந்த மரம், எங்கே நின்றது, எப்போது வெட்டியது, எப்படி உலர்ந்தது. இந்த நான்குக்கும் பதில் தெரிந்தவர்தான் நம்பகமான மரக்காரர். அது மாமனார் வீட்டுப் பரணாக இருந்தாலும் சரி, பெங்களூரில் கண்ணாடிக் கதவு போட்ட இறக்குமதிக் கடையாக இருந்தாலும் சரி.

இறக்குமதி மரத்துக்கு வருவோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கும் இளம் பெண்கள் என்னிடம் "மேப்பிள் போர்டு வேணும் ஆன்ட்டி" என்று கேட்கிறார்கள். மேப்பிள் நல்ல மரம்தான். துளைகள் மிக நுண்மையாக இருப்பதால் காய்ச்சாறு உள்ளே இறங்கித் தங்குவது குறைவு. ஆனால் கறிக்கடைக்காரர் காலங்காலமாகப் புளியங்கட்டையின் மேல்தானே வெட்டுகிறார்? அடர்த்தியான, கெட்டியான மரம் வேண்டும் என்பதுதான் விஷயம். கப்பலேறி வந்திருக்க வேண்டும் என்பதில்லை.

வெளிநாட்டு மரம் வாங்கியே தீரவேண்டும் என்றால், கடைக்காரர் சொல்லும் செல்லப் பெயரை நம்பாதீர்கள். 'ஆப்பிரிக்கன் தேக்கு' என்று விற்கும் மரம் பல சமயம் தேக்கே இல்லை. இரோகோ என்ற வேறு மரம். 'பர்மா தேக்கு' என்பதையும் யோசித்துத்தான் கேட்க வேண்டும். மியான்மர் அரசு 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. இப்போது வரும் தேக்கில் நிறைய, கானா, ஈக்வடார், பனாமா போன்ற நாடுகளில் தோட்டமாக வளர்த்தது. அதில் தப்பில்லை, அதை அப்படியே சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். பில்லில் தாவரவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அசல் தேக்கு என்றால் 'டெக்டோனா கிராண்டிஸ்' என்று இருக்கும். எழுதத் தயங்குகிற கடையில் எனக்கு வேலையில்லை.

ஒரு முறை ஒரு கடையில் 'ரோஸ்வுட்' என்று ஒரு பலகை கொடுத்தார்கள். கறுஞ்சிவப்பாக, அழகாகத்தான் இருந்தது. ஆசாரி நுனியில் அரை அங்குலம் அறுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று ரப்பர் மரம்! மேலே மட்டும் சாயம். "இதுல கிலுகிலுப்பை கடைஞ்சா, குழந்தை வாயெல்லாம் வெத்தலை போட்ட மாதிரி ஆயிடும்மா" என்று சிரித்தார். பில் இருந்ததால் பணம் திரும்ப வந்தது. ரப்பர் மரம் மோசம் என்று நான் சொல்லவில்லை. பால் வற்றிய மரத்தைத்தான் வெட்டுகிறார்கள். பூச்சி எளிதில் பிடிக்கும் என்பதால் மருந்து ஏற்றிப் பதப்படுத்துகிறார்கள். மேசை நாற்காலிக்கு ஏற்றது. பெயரை மாற்றி விற்பதுதான் ஆகாது.

ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தால் போதுமே என்பீர்கள். போதாது. வேங்கையும் செம்மரமும் இயற்கையாகவே நிறம் விடும். ஆகவே நுனியை அறுத்து உள்நிறம் பார்ப்பதுதான் சரி.

அப்படியும் சந்தேகம் தீரவில்லையா? பெங்களூர் மல்லேஸ்வரத்தில், 18-வது கிராஸில், மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1938-ல் மைசூர் சமஸ்தானத்தில் வன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கியது. ஒரு சின்ன மரத்துண்டைக் கொடுத்தால், கட்டணம் வாங்கிக்கொண்டு அது எந்த மரம் என்று பரிசோதித்து எழுத்தில் தருவார்கள். மொத்தமாக வாங்கும்போது இந்தச் செலவு வீணாகாது. "மாதிரித் துண்டைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரரின் பேச்சே மாறும்!

சந்தனம், ஈட்டி, செம்மரம் இந்த மூன்றிலும் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். எங்கள் பக்கத்து மலைகள் சந்தனக் கடத்தலால் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததா? ஈட்டி இனம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. "சல்லிசா தர்றேன், பில் மட்டும் கேக்காதீங்க" என்று யாராவது சொன்னால், மரப்பாச்சி அளவுத் துண்டானாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

குழந்தைச் சாமானுக்கு நான் தேடிப் போவது, பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவே உள்ள சென்னபட்டணத்துக் கைவினைஞர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் மரத்தைத்தான். கன்னடத்தில் 'ஆலெ மர' என்பார்கள். நம் வெட்பாலை மரமேதான். வெளுப்பு, மென்மை, சிம்பு எழாது. கடையும்போதே அரக்கைச் சூட்டில் ஏற்றி, தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அரக்கோடு கலக்கும் நிறம் என்ன என்பதையும் கேட்டு வாங்குங்கள். கடையில் ரெடிமேடாக பொம்மை வாங்கினால், 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்களுக்கும், சென்னபட்டணம் போலப் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

மரம் வாங்கும்போது இன்னும் மூன்று விஷயம்:

கணக்கு: நீளத்தை அடியிலும், அகலம், கனம் இரண்டையும் அங்குலத்திலும் அளந்து பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். 6 அடி நீளம், 8 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்றால் சரியாக அரை கன அடி.

ஈரம்: பலகையைச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் வீட்டுக்குள் நிழலில் வைத்து மறுபடி நிறுங்கள். எடை இறங்கினால் இன்னும் உலரவில்லை. அவசரப்பட்டால் பின்னால் வெடிக்கும்.

தூசி: மரத்தூள் மூச்சில் போவது நல்லதல்ல, நெடுநாள் சுவாசித்தால் மூக்கில் புற்றுநோய் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே அறிவித்திருக்கிறது. ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொடுக்கும். ஆகவே இழைப்பு வேலை, உப்புக்காகிதம் தேய்க்கும் வேலை எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். கர்ப்பிணியும் குழந்தையும் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. ஆசாரிக்கும் ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்; அவருக்கும் குடும்பம் இருக்கிறதல்லவா?

இத்தனை விசாரணைக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லி, பில்லும் எழுதித் தருகிற மரக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டால், கன அடிக்குக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் அவரை விட்டுவிடாதீர்கள். நல்ல பால்காரரையும் நல்ல தையற்காரரையும் எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்கிறோமோ, அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.