கொளுக்கி போடாத யன்னல்

பெட்டி கட்டுவதற்கு எங்கள் ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. முப்பது கிலோப் பெட்டிக்குள் முப்பத்திரண்டு கிலோவை அடக்கிவிட்டு, விமான நிலையத் தராசுக்கு முன்னால் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு நிற்பது யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குச் சீதனத்தோடு வருகிற கலை. ஆனால் சுவிஸில் வீடு மாறும்போது பெட்டி கட்டுவது சில்லறை வேலை. அந்த வீட்டில் நாங்கள் இருந்ததற்கு ஒரு தடயமும் மிஞ்சாமல் துடைத்துக் கொடுத்துவிட்டு வருவதுதான் முதுகை முறிக்கிறது.

இந்தக் கோடையில் எங்களுக்கு எல்லாம் ஒன்றாக வந்தன. ஜூன் கடைசியில் சூரிச்சிலிருந்து ஓல்டனுக்கு வீடு மாற்றம், ஜூலையில் யாழ்ப்பாணம், ஓகஸ்ட் நடுவில் மகளுக்குக் கிண்டர்கார்டன். சின்னவன் அப்போதுதான் சுவரைப் பிடித்து எழும்பி நிற்கப் பழகியிருந்தான். நாங்கள் கட்டி வைத்ததையெல்லாம் அவிழ்ப்பது அவன் பொறுப்பு.

சூரிச்சில் இருந்தது இரண்டரை அறை வீடு. சுவிஸ்காரர் அறைகளை அரையும் சேர்த்து எண்ணுவார்கள். ஒரு படுக்கையறை, ஒரு விறாந்தை, சாப்பாட்டு மேசை போட ஒரு மூலை. அந்த மூலைக்குத்தான் அரை. பிள்ளை ஒன்றாக இருந்தவரை மூலை மூலையாகவே இருந்தது. இரண்டாவது வந்ததும் அதற்குள் தொட்டில் வந்தது, மேசை மடங்கிச் சுவரோடு சாய்ந்தது, நாங்கள் மடியில் கோப்பையை வைத்துச் சாப்பிடத் தொடங்கினோம்.

சூரிச்சுக்குள்ளேயே பெரிய வீடு தேடுவது வீண் ஆசை. காலி வீடுகளை அந்த நகரத்தில் ஆண்டுதோறும் ஜூன் 1ஆம் திகதி எண்ணுவார்கள். 2024இல் காலியாக இருந்தவை 0.07 சதவீதம். பத்தாயிரம் வீட்டுக்கு ஏழு. வீடு பார்க்கப் போனால் படிக்கட்டில் தொடங்கும் வரிசை தெருமுனையில் முடியும். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு. சம்பளத் துண்டு, வதிவிட அட்டையின் பிரதி, இதற்கெல்லாம் மேலாக, கடனுக்காக யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கடன் வசூல் அலுவலகம் தரும் சான்று. எங்கள் ஆட்கள் சுருக்கமாக 'பெட்றைபுங்' என்பார்கள். "பொம்பிளை பாக்க வரேக்கை உங்கடை வீட்டிலைகூட என்னட்டை இவ்வளவு கேக்கேல்லை" என்று இவர் சொன்னார். கேட்டிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை.

கடைசியில் ஓல்டன். சூரிச்சுக்கும் பேர்ணுக்கும் பாசலுக்கும் ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். சுவிஸ் ரயில் பாதையின் கிலோமீற்றர் பூச்சியம் என்று குறிக்கும் கல் அந்த நிலையத்தில்தான் இருக்கிறது. நாடு முழுவதும் இந்த ஊரில் ரயில் மாறியிருக்கிறது, இறங்கி ஊரைப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர். பக்கத்து டிரிம்பாக்கில் மனோன்மணி அம்பாள் கோயில் இருக்கிறது என்று கேட்டதும் அம்மாவுக்குப் பாதிக் கவலை போய்விட்டது. மூன்றரை அறை கிடைத்ததில் எனக்கு மீதிப் பாதி போயிற்று.

பழைய வீட்டை விடுவதற்கு மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. குடும்பம் இருக்கும் வீடென்றால் ஒப்பந்தம் கணவன் பேரில் இருந்தாலும் அவர் தனியாக விட்டுவிட முடியாது. மனைவியின் சம்மதம் வேண்டும் என்கிறது சுவிஸ் சட்டம். ஊரிலே என் பேரில் இருக்கும் சீதனக் காணியை நான் விற்பதென்றால் இவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது தேசவழமைச் சட்டம். வீட்டை விடும் கடிதத்தின் அடியில் பேனையை அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். கணக்கு நேர்.

வீடு மாற்றுவதற்குக் கொம்பனி வைப்பது எங்கள் ஆட்களிடம் அபூர்வம். ஒரு வாடகை வான், இவருடைய மச்சான்மார், அவர்களுடைய கூட்டாளிகள், மத்தியானத்துக்கு ஒரு பெரிய சட்டி கொத்துரொட்டி. பெட்டிக்கும் செலவில்லை. இந்த நாட்டில் வீடு மாறுபவர் எந்த இனத்தவராக இருந்தாலும் கடைக்குப் போய் வாழைப்பழம் வந்த வெற்றுப் பெட்டிகளைக் கேட்டு வாங்குவார். தடித்த மட்டை, இரண்டு பக்கமும் கை நுழையத் துளை, மேலே கவிழ்க்க இன்னொரு பெட்டி. அடியில் மட்டும் ஒரு பெரிய ஓட்டை. அதை மறந்து கரண்டி முள்ளுக்கரண்டிகளைப் போட்டால் படிக்கட்டு முழுக்கச் சலங்கைச் சத்தம். பழைய பத்திரிகையை விரித்துவிட்டு அடுக்க வேண்டும். எங்களுடைய சாமி படங்கள், மிளகாய்த்தூள் போத்தல்கள், இடியப்ப உரல் எல்லாம் ஈக்குவடோர், கொலம்பியா என்று எழுதிய பெட்டிகளில் ஏறின.

பிறகு துப்புரவு. ஆறு வருடம் தாளித்த குசினி அது. அடுப்பை வெளியே இழுத்தபோது பின்னால் கடுகு, வெந்தயம், ஒரு ஏலக்காய், மகளுடைய ஒற்றைக் காலுறை. புகை உறிஞ்சியின் வலை எண்ணெயில் ஊறித் தேன் நிறத்தில் இருந்தது. அதைச் சுடுதண்ணீரும் சோடாவும் விட்டு இரண்டு இரவு ஊறவைத்தோம். தண்ணீர்க் குழாய்களில் சுண்ணாம்பு. அதற்கு டுர்கோல் என்று ஒரு திராவகம் இருக்கிறது. அது இல்லாமல் சுவிஸில் ஒரு குளியலறையும் கைமாறியதில்லை. குளிர்ப்பெட்டியின் வெள்ளைத் தட்டில் மஞ்சள் கறை மட்டும் ஒன்றுக்கும் அசையவில்லை. அம்மாவிடம் கைபேசியில் காட்டினேன். "உரஞ்சாதை, வெயிலிலை வை" என்றா. ஜூன் வெயிலில் பல்கனியில் வைத்தேன். மஞ்சளின் நிறத்துக்கு வெயில் ஆகாது. தட்டு தானாக வெளுத்தது. கடையில் வாங்கிய திராவகங்களின் விலையை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

வீட்டை ஒப்படைக்கும் நாளில் நிர்வாகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்தார். கையில் ஒரு ரோர்ச் லைற்றும் படிவமும். கதவு நிலைகளின் மேல்விளிம்பில் விரலை ஓட்டினார். யன்னல் இறப்பரைப் பிரித்துப் பார்த்தார். புகை உறிஞ்சிக்குள் ரோர்ச் அடித்து, "கறி?" என்று கேட்டுச் சிரித்தார். வாசனை மட்டும் எந்தத் திராவகத்துக்கும் கட்டுப்படுவதில்லை. விறாந்தைச் சுவரில் மகள் கிறுக்கிய பச்சைக் கோடுகளில் வந்து நின்றார். இதற்கு இந்த நாட்டில் ஓர் அட்டவணை உண்டு. வீட்டுக்காரர் சங்கமும் வாடகைக்காரர் சங்கமும் கூடிப் பேசி, எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஆயுள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சுவர்ப் பூச்சுக்கு எட்டு வருடம். நாங்கள் வந்தபோது புதிதாகப் பூசியிருந்தார்கள், ஆறு வருடம் கழிந்துவிட்டது, ஆகவே பூசும் செலவில் கால்பங்கு எங்களுடையது. இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தால் மகள் சுவர் முழுக்க நல்லூர்த் தேரே வரைந்திருக்கலாம்.

அறை அறையாகப் படிவம் நிரம்பியது. சாவிகள் எண்ணப்பட்டன, தபால் பெட்டிச் சாவி, நிலவறைச் சாவி உட்பட. அவர் கையெழுத்திட்டார், நாங்கள் கையெழுத்திட்டோம், திகதி போட்டோம், ஒரு பிரதி எங்களுக்கு. நான் இதை ஒரு பகிடிக் கதையாக மனதில் எடுத்துக்கொண்டுதான் யாழ்ப்பாணம் போனேன்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளைகுடாவில் ஒரு நள்ளிரவு, கட்டுநாயக்காவில் ஒரு பின்னேரம், ஏ9 வீதியில் ஒரு முழு இரவு. இரண்டு பிள்ளைகளும் முறை வைத்து அழுதார்கள்.

அம்மா மல்லாகத்தில் இருக்கிறா. சொந்த ஊர் மயிலிட்டி. 1990 ஜூனில் சண்டை தொடங்கியபோது அந்தக் கரை முழுக்க எழும்பியது. காங்கேசன்துறை, பலாலி, மயிலிட்டி எல்லாம் உயர் பாதுகாப்பு வலயமாயின. நான் பிறந்தது இடம்பெயர்ந்து இருந்த ஒரு வீட்டில். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுபோனார்களாம். எனக்கு மூன்று வயது. மழை என்று மட்டும் அம்மா சொல்லுவா.

சூரிச் வீட்டை ஒப்படைத்த கதையை அம்மாவின் குசினியில் இருந்து சொன்னேன். கதவு நிலையில் விரல் ஓட்டியதை நடித்துக் காட்டினேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டா: "அப்ப நீங்கள் வெளிக்கிடேக்கை ஒராள் வந்து, எல்லாத்தையும் பாத்து, சரி எண்டு கையெழுத்து வைச்சுத் தந்தவரோ?"

"ஓம் அம்மா."

"அது நல்ல முறை."

கொஞ்ச நேரம் திருவலைச் சத்தம் மட்டும். பிறகு தானாகச் சொன்னா. "நாங்கள் ரெண்டு நாளிலை வந்திடுவம் எண்டுதான் வெளிக்கிட்டனாங்கள். முன் கதவைப் பூட்டினனான். கிணத்தடிக் கதவும் பூட்டினது. குசினி யன்னலுக்குக் கொளுக்கி போட்டனானோ இல்லையோ எண்டுதான் பிடிபடேல்லை. கொப்பாட்டைக் கேட்டன், அவர் போகேக்கை பாத்தனான் எண்டார். அவர் பாக்கேல்லை, எனக்குத் தெரியும்."

மயிலிட்டியின் ஒரு பகுதியையும் துறைமுகத்தையும் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து 2017 ஜூலையில் விட்டார்கள். இருபத்தேழு வருடம். அப்பா அதைப் பார்க்க இல்லை. அம்மா போய்ப் பார்த்தபோது கொளுக்கி போடுவதற்கு யன்னல் இல்லை, யன்னல் இருப்பதற்குச் சுவர் இல்லை. சீமெந்துத் தரையும் கிணறும் இருந்தன. விறாந்தை இருந்த இடத்தில் ஒரு வேம்பு. இந்த முறை எங்களையும் கூட்டிக்கொண்டு போனா. மகள் அந்தத் தரையில் கோட்டுக்குக் கோடு தாண்டி விளையாடி, "இது எத்தனை அறை?" என்று கேட்டாள். சுவிஸ்காரி. அம்மா காலால் அடித்தளத்தைத் தடவித் தடவி எண்ணி, "மூண்டு. குசினி வேறை" என்றா.

சுவிஸில் எங்கள் ஆட்கள் கூடினால் இந்தச் சட்டதிட்டங்களைப் பகிடி பண்ணாமல் கலைவதில்லை. உடுப்புத் தோய்க்கும் நாளுக்கு அட்டவணை, ஞாயிற்றுக்கிழமை போத்தல் போடக்கூடாது என்பது, குப்பைப் பைக்குக் காசு. நானும் சிரிப்பேன். ஆனால் மூன்று மாத அறிவித்தலையும் அந்தக் கையெழுத்துப் படிவத்தையும் வைத்து இனிப் பகிடி விடுவது எனக்குக் கஷ்டம். ஒரு வீட்டிலிருந்து, அடுப்பை அணைத்து, யன்னலைச் சாத்தி, எண்ணி எடுத்த சாமானோடு, பகல் வெளிச்சத்தில் வெளியேறுவது எவ்வளவு பெரிய வசதி என்பதை அதற்குரிய சட்டத்தை எழுதியவர்களே அறிந்திருக்க மாட்டார்கள். கடன் சான்று கேட்பதை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு நில்லுங்கோ என்று அம்மா கேட்டா. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடி. ஓகஸ்ட் நடுவில் மகளுக்குக் கிண்டர்கார்டன் என்று சொன்னேன். நான்கு வயது முடிந்தால் அங்கே அதுவும் கட்டாயப் படிப்பு, நினைத்தபடி நிறுத்த முடியாது. "முருகன் இருபத்தைஞ்சு நாள் கொண்டாடுறார். உங்கடை பள்ளிக்கூடம் ஒரு கிழமை பொறுக்காதோ?" இதற்கு எந்த அலுவலகத்திடமும் பதில் கிடையாது. கொடித்தம்பத்துக்கு முன்னால் ஒரு ரூபாய் அர்ச்சனை செய்துவிட்டு விமானம் ஏறினோம்.

ஓல்டனில் பெட்டிகள் நாங்கள் விட்ட இடத்திலேயே இருந்தன. கிண்டர்கார்டனிலிருந்து வந்த கடிதத்தில் வீட்டுச் சப்பாத்து, மழை உடுப்பு, ஒன்பது மணிக்குச் சாப்பிட ஒரு பழம். கூடவே கழுத்தில் போட ஒரு பளபளக்கும் முக்கோணப் பட்டி. காரோட்டிகள் தூரத்திலேயே கண்டுகொள்வதற்கு. ஏனென்றால் சில கிழமைகளுக்குப் பிறகு பிள்ளை தனியாக நடந்து வர வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பெற்றோர் காரில் கொண்டுவந்து இறக்குவது இங்கே மரியாதைக் குறைவு. அம்மாவுக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாது. "நாலு வயசுப் பிள்ளையைத் தனிய றோட்டிலை விடுறதோ? நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

அவ சொன்னது கோபத்தில். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். அழைப்புக் கடிதம், காப்புறுதி, முப்பதாயிரம் பிராங்க் வரை நாங்கள் பொறுப்பு என்ற உத்தரவாதப் படிவம், மறுபடியும் ஒரு கோப்பு. அதிகபட்சம் 90 நாள். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துவிட்டு அழைத்தோம். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, மயிலிட்டிக் காணியில் வைத்த பதினொரு தென்னங்கன்றுக்கும் மூன்று மாதம் யார் தண்ணீர் விடுவது என்று கேட்டா. அதைப் பற்றித்தான் இப்போது பேச்சுவார்த்தை நடக்கிறது.